அறுபதில் குட்டி, எழுபதில் நாய்

தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஓய்வு பெறும் வயது 60. லாப்ரடார் நாயின் ஆயுள் ஏறத்தாழ 10 முதல் 12 ஆண்டு. ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டுக்கு வந்துசேரும் எட்டு வாரக் குட்டி, வளர்ப்பவருக்கு 62 பிறப்பதற்குள் முழு உயரம் எட்டிவிடும். அவருடைய 65-ஆவது வயதில் அதன் பலம் உச்சத்தில் இருக்கும். அவர் 70-ஐத் தொடும்போது அதற்கு மூட்டு பிடித்துக்கொள்ளும். 30 கிலோ எடையுள்ள நாயைப் படியில் தாங்கி இறக்குவதும், மருத்துவரிடம் கொண்டுபோகக் காரில் தூக்கி ஏற்றுவதும் அந்தச் சமயத்தில்தான் தேவைப்படும். தூக்க வேண்டியவரோ முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குட்டியை மடியில் வைத்துப் படம் எடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்பும் நாளில் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

இந்தக் கணக்கைப் போட வேண்டியவர்கள் அந்தத் தம்பதி மட்டும்தான் என்று நினைக்கிறோம். ‘வயசான காலத்துல இவங்களுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய நாய்?’ என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அந்தக் குட்டி அந்த வீட்டுக்கு வந்த வழியைப் பார்த்தால் பலருடைய கைகள் அதில் இருக்கின்றன. வாங்கிக் கொடுத்த மகன் அல்லது மகள், விற்றவர், மருத்துவர், குடியிருப்போர் சங்கம், பக்கத்து வீட்டார், வீட்டு வேலைக்கு வருபவர், மாநகராட்சி. இத்தனை பேரும் சேர்ந்து சுமக்க வேண்டியதை இரண்டு முதியவர்களின் தலையில் வைத்துவிட்டு, அவர்களால் முடியாமல் போகும்போது குறை சொல்வது நியாயமில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முதியவர்கள் நாய் வளர்க்கக் கூடாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. 2021 கணிப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 விழுக்காடு. கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் மிக அதிகமாக உள்ள மாநிலம் நம்முடையது. பிள்ளைகள் பெங்களூரிலோ டாலஸிலோ இருக்க, மயிலாப்பூரிலும் ஆர்.எஸ்.புரத்திலும் அண்ணா நகரிலும் இரண்டு பேர், சில வீடுகளில் ஒரே ஒருவர், மூன்று படுக்கையறை வீட்டில் நாளைக் கடத்துகிறார்கள். அந்த வீட்டில் காலை ஐந்தரை மணிக்கு எழுப்பிவிட ஓர் உயிர் இருப்பது சின்ன விஷயமில்லை. ஸ்வீடனில் 34 லட்சம் பேரின் பதிவுகளை 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2017-இல் வெளியானது. தனியாக வாழ்பவர்களில் நாய் வளர்ப்போரின் மரண ஆபத்து, வளர்க்காதோரைவிட 33 விழுக்காடு குறைவாக இருந்ததாக அது சொன்னது. நடக்கத் தெம்பு உள்ளவர்களே நாய் வளர்க்கிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் தினமும் இரு வேளை தெருவில் இறங்கி நடப்பவரை நாலு பேர் பார்த்து நலம் விசாரிக்கிறார்கள். ஒரு நாள் காணவில்லை என்றால் கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள். முதுமையில் இது பெரிய பாதுகாப்பு.

ஆகவே குட்டி வரட்டும். எப்படி வருகிறது என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

பெரும்பாலும் அது பரிசாக வருகிறது. அப்பாவின் மணிவிழாவுக்கோ, அம்மா காலமான அடுத்த ஆண்டோ, வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை மூன்று வார விடுப்புக்குள் குட்டியை வாங்கி வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறுகிறது. அதிலும் பெரிய ஜாதியாகப் பார்த்து வாங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. தனியாக இருக்கும் பெற்றோருக்குக் காவல் வேண்டும் என்ற கவலை. ஜெர்மன் ஷெப்பர்டும் ராட்வைலரும் ஓய்வு பெற்றவர்களின் வீட்டு வாசலுக்கு இப்படித்தான் வந்து சேர்கின்றன. கவலை உண்மையானது, அதை மதிக்கிறேன். ஆனால் தான் பக்கத்தில் இல்லாததை ஈடுகட்ட 40 கிலோ எடைக்கு வளரக்கூடிய ஒரு காவலாளியை அமர்த்தும்போது, அந்தக் காவலாளிக்குச் சோறு போட, பயிற்சி கொடுக்க, இரவு இரண்டு மணிக்கு வயிற்றுப்போக்கு வந்தால் துடைத்தெடுக்க அந்தப் பெற்றோரையே அமர்த்தி விடுகிறோம். அன்பளிப்பு கொடுப்பவர், பெறுபவருக்குப் பத்து ஆண்டு வேலையும் சேர்த்துக் கொடுக்கிறார். கேட்டுக் கொடுத்தாரா என்பதுதான் கேள்வி. ‘அப்பா, ஒரு சர்ப்ரைஸ்’ என்று கூடைக்குள் குட்டியைக் கொண்டுவந்து நீட்டுவதை நம் குடும்பங்கள் கைவிட வேண்டும். நடுங்கும் கையால் அதை வாங்கிக்கொள்ளும் தகப்பனுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது.

பெரிய ஜாதிக் குட்டியை வளர்ப்பது சின்ன நாயை வளர்ப்பதைப் போன்றதே, கொஞ்சம் அதிகம் சாப்பிடும், அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் உடல் வளரும் விதமே வேறு. எட்டு வாரத்தில் சுமார் ஐந்து கிலோ இருக்கும் லாப்ரடார் குட்டி ஆறு மாதத்தில் இருபது கிலோவை நெருங்குகிறது. எடை இப்படி ஏறிக்கொண்டிருக்கும்போது எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சிப் பகுதி இன்னும் இறுகாமல் மெத்தென்று இருக்கும். அது முழுதாக இறுக ஒன்றேகால், ஒன்றரை ஆண்டுகூட ஆகும். கிரேட் டேன் போன்ற மிகப் பெரிய ஜாதிகளுக்கு இன்னும் கூடுதல் காலம் பிடிக்கும். அதுவரை குட்டியை மாடிப்படி ஏற இறங்க விரட்டுவது, சோபாவிலிருந்து குதிக்க விடுவது, நீண்ட தூரம் ஓடவைப்பது எல்லாம் அதன் இடுப்பு மூட்டுக்கும் முழங்கை மூட்டுக்கும் பிற்காலக் கேடு. பரம்பரையாக இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு லாப்ரடாரிலும் ஜெர்மன் ஷெப்பர்டிலும் சகஜம். வளர்ப்பு முறை அதைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும்.

இதில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது, தரை. கிரானைட்டும் வழவழப்பான டைல்ஸும் பதித்த கூடத்தில் குட்டி ஓடிவந்து நிற்க முயலும்போது நான்கு கால்களும் நான்கு பக்கம் விரிந்து சறுக்குவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஒவ்வொரு சறுக்கலும் இளம் மூட்டின் மேல் விழும் அடி. குட்டி நடமாடும் வழியெங்கும் தென்னைநார் விரிப்போ ரப்பர் பாயோ போட்டுவிட்டால் குட்டிக்கும் நல்லது, ஈரத்தரையில் வழுக்கி விழக்கூடிய பாட்டிக்கும் நல்லது. ஆயிரம் சொச்சம் ரூபாய் வேலை. பரிசு கொடுக்கும் பிள்ளை குட்டி வருவதற்கு முந்தின நாளே இதைச் செய்து முடித்திருக்க வேண்டும்.

அடுத்தது கால்சியம். ‘பெரிய ஜாதி, எலும்பு நல்லா வளரணும்’ என்று மருந்துக் கடையிலிருந்து கால்சியம் டானிக் வாங்கி, கேட்காமலே ஊற்றும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றிவிட்டது. பேரப்பிள்ளைகளை வளர்த்த கைகள் அவை. கூடக் கொடுத்தால் நல்லது என்றே நம்பும். ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியின் உடலுக்கு அளவுக்கு மிஞ்சிய கால்சியத்தைத் தள்ளிவிடும் திறன் போதாது. கொடுத்ததில் பெரும்பகுதி உள்ளே போய், எலும்பின் வளர்ச்சியைக் கோணலாக்கும். பெரிய ஜாதிக் குட்டிகளுக்கென்று கால்சியம் அளவாகச் சேர்த்துத் தயாரித்த தீனியைக் கொடுப்பவர்கள் டானிக்கும் சேர்த்துக் கொடுத்தால் கேடு இரட்டிப்பாகிறது. வெறும் தயிர்ச்சாதத்திலும் பால்சோற்றிலும் வளர்ப்பவர்களுக்கோ பிரச்சினை எதிர்ப்பக்கம். புரதமும் கால்சியமும் போதாமல் கால் வளையும். இரண்டுக்கும் விடை கால்நடை மருத்துவரிடம் இருக்கிறது, மருந்துக் கடையில் இல்லை.

அளவைப் பற்றி இன்னொரு செய்தி. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால் பங்கு குறைத்து மற்றதற்கு வாழ்நாள் முழுவதும் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் வெளியான அந்த ஆய்வில், குறைவாக உண்ட நாய்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும்படி நாயை வைத்திருப்பதே அதற்குச் செய்யும் நன்மை. நம் வீட்டில் தாத்தா ஒரு இட்லி, பாட்டி ஒரு பிஸ்கட், வாட்ச்மேன் ஒரு பன் என்று ஆளுக்கு ஒன்றாக நீட்டுகிறோம். கொழுத்த நாயைத் தூக்கப்போவதும் பிறகு அதே தாத்தாதான்.

உடல் இப்படியென்றால் குணம் உருவாகும் காலம் இன்னும் குறுகியது. பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து சுமார் பதினான்காம் வாரம்வரை பார்த்துப் பழகியவற்றைக் குட்டி உலகத்தின் இயல்பாக ஏற்றுக்கொள்கிறது. ஆட்டோச் சத்தம், ஹெல்மெட் போட்டவர், கைத்தடி ஊன்றி நடப்பவர், கத்தி விளையாடும் சிறுவர்கள், லிஃப்டின் கதவு, கோயில் மேளம். இவற்றை அந்த வாரங்களில் காணாமல் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த குட்டி, 35 கிலோ ஆனபின் ஹெல்மெட்டைப் பார்த்துப் பாயும். அதே வாரங்களில்தான் பார்வோ நச்சுயிரியின் ஆபத்தும் இருக்கிறது. தடுப்பூசிகள் பதினாறாம் வாரம்வரை தொடர்கின்றன. எனவே தரையில் விடாமல் கையில் ஏந்தியோ ஆட்டோவில் மடியில் வைத்தோ குட்டிக்கு ஊரைக் காட்ட வேண்டும். இதற்குத் தெம்பும் ஆளும் தேவை. எதிர்வீட்டுக் கல்லூரி மாணவியும் மேல்மாடிக் குடும்பமும் வாரத்தில் இரண்டு நாள் வந்து குட்டியோடு அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போனால், ஓராண்டுக்குப் பிறகு லிஃப்டில் அந்த நாயோடு ஏற அவர்களே அஞ்ச வேண்டியிருக்காது. அக்கம்பக்கத்தார் செய்யக்கூடிய உதவிகளில் இதுவே மிக எளியது, மிகப் பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

கயிற்றோடு நடப்பதை அந்தச் சின்ன வயதிலேயே பழக்கிவிட வேண்டும். குட்டி ஐந்து கிலோ இருக்கும்போது இழுத்துக்கொண்டு ஓடினால் வேடிக்கையாக இருக்கிறது. முப்பது கிலோ ஆனபின் எதிரே ஒரு பூனை ஓடினால் என்ன ஆகும்? அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுப் பதிவுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2019-இல் வந்தது. கயிற்றில் நாயை நடத்திச் செல்லும்போது எலும்பு முறிந்து வந்த 65 வயதைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை, 2004-இல் சுமார் 1,670 ஆக இருந்து 2017-இல் சுமார் 4,400 ஆக உயர்ந்திருக்கிறது. அவர்களில் முக்கால் பங்குக்கு மேல் பெண்கள். மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலிந்துபோன அம்மாக்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் பழைய நடைக்குத் திரும்புவது எவ்வளவு கடினம் என்பது நமக்குத் தெரியும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நடக்கும் பழக்கத்தை விட வேண்டும். மார்பின் முன்பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸ் பூட்டினால் இழுக்கும் வேகம் பாதியிலேயே திரும்பிவிடும். நல்ல பயிற்சியாளருக்கு ஆகும் செலவைக் குட்டியின் விலையோடு சேர்த்தே எடுத்துவைக்க வேண்டும். அதைப் பரிசு கொடுப்பவரே ஏற்பது முறை.

விற்பவருக்கு வருவோம். நாய் இனப்பெருக்கமும் விற்பனையும் பற்றிய மத்திய அரசின் விதிகள் 2017 முதல் இருக்கின்றன. இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. நடப்பது என்ன? ஐந்து வாரக் குட்டிகள் வாட்சாப் படத்தில் விலைபோகின்றன. தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கடியின் அளவைக் கற்றுக்கொள்ளும் முன்பே பிரிக்கப்பட்ட குட்டி, அந்தப் பாடத்தைத் தாத்தாவின் முன்கையில் கற்கிறது. பதிவு எண்ணைக் கேட்காமல் நாம் வாங்கும்வரை இந்த வியாபாரம் இப்படியே ஓடும். வாங்கும்போது தாய் நாயைப் பார்க்க வேண்டும், தடுப்பூசிச் சீட்டைக் கேட்க வேண்டும். விற்பவரிடம் நான் எதிர்பார்ப்பது இன்னும் ஒன்று: வாங்க வருபவர் 65 வயதுக்காரர் என்றால், அந்தக் குட்டி எவ்வளவு எடைக்கு வளரும், எவ்வளவு நடை கேட்கும் என்பதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், வளர்க்க இயலாத நிலை வந்தால் திரும்ப ஏற்றுக்கொள்வேன் என்று எழுதித்தர வேண்டும். விதியில் இல்லாவிட்டாலும் தொழில் நேர்மை இதைக் கேட்கிறது.

இனி அடுக்குமாடிக் குடியிருப்பு. நம் நகரங்களில் இந்த விஷயம் மிகக் கசப்பாக வெடிப்பது அங்கேதான். 2015-இல் இந்திய விலங்கு நல வாரியம் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது. லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்ல முடியாது. நாயைத் தடுக்கும் சங்க விதிகள் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றமும் 2021-இல் சொல்லிவிட்டது. நாய் வளர்ப்போர் இதை அச்சடித்துக் கையில் வைத்திருக்கிறார்கள். ஆனால் உரிமையைக் காட்டி வாயடைத்துவிட்டால் பக்கத்து வீட்டுத் தாயின் பயம் போய்விடாது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறிய செய்தியைப் படித்தவள் அவள். அவளுடைய பயத்தை ‘நாயைப் பிடிக்காதவங்க’ என்று ஒதுக்குவது கொடுமை. தன் நாயால் பிறருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட.

இரு தரப்பும் நியாயத்தில் பாதியைக் கையில் வைத்திருக்கின்றன. வாட்சாப் குழுவில் இரவு பதினொரு மணிக்குச் சண்டை போடுவதைவிடப் பொதுக்குழுவில் நேருக்கு நேர் உட்கார்ந்து சிலவற்றை ஒப்புக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகள் இறங்கும் கால்மணி நேரம் லிஃப்டில் பெரிய நாய் வராது. பொது இடத்தில் எப்போதும் கயிறு இருக்கும். கழிவை எடுக்கும் பை வளர்ப்பவர் கையில் இருக்கும். அதே நேரம், நாய்க்கென்று சுற்றுச்சுவர் ஓரத்தில் ஒரு மண் திட்டைச் சங்கம் ஒதுக்கும். கொதிக்கும் கான்கிரீட்டில் மே மாதப் பிற்பகலில் நாயை நடத்தும்படி யாரையும் கட்டாயப்படுத்தாது. ஒவ்வொரு பெரிய நாயின் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றின் நகல் சங்க அலுவலகத்தில் இருக்கும். ஒரு மாலைக் கூட்டத்தில் பேசி முடிக்கக்கூடிய விஷயங்கள் இவை.

இந்தப் பேச்சில் அழைக்கப்படாமல் விடுபடும் ஒருவர் உண்டு. வீட்டு வேலைக்கு வரும் பெண். முதியவர்களால் குனிய முடியாதபோது குட்டியின் மூத்திரத்தைத் துடைப்பது அவர்தான். ஐயாவுக்குக் காய்ச்சல் என்றால் நாயைக் கீழே கூட்டிப்போவதும் அவர்தான், இல்லையென்றால் வாட்ச்மேன். பாத்திரம் தேய்க்கப் பேசிய சம்பளத்தில் நாயும் சேர்ந்துவிடுகிறது. அவருக்கு நாய் என்றால் பயமா என்றுகூட யாரும் கேட்பதில்லை. குட்டி வாங்கும் முன் அவரிடமும் கேட்க வேண்டும். ஒப்புக்கொண்டால் அதற்கென்று தனிச் சம்பளம் பேச வேண்டும். பல் பட்டால், நகம் கீறினால் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் நீரில் கழுவி உடனே மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ஊசி போடவைக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தடுப்பூசி போட்ட நாய்தானே என்று தட்டிக்கழிக்கக் கூடாது.

மாநகராட்சிக்கு வேலை இருக்கிறது. சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைக் காட்டித்தான் அதைப் பெற முடியும். அந்த விண்ணப்பத்தில் இன்னும் ஒரு வரி சேர்க்கும்படி கேட்கிறேன்: உரிமையாளரால் நாயைப் பார்த்துக்கொள்ள முடியாமல் போனால் ஏற்கும் இரண்டாவது பொறுப்பாளரின் பெயரும் கையெழுத்தும். எந்த வயதுக்காரரானாலும் இது பொருந்தும் என்பதால் முதியவர்களை ஒதுக்குவதாகவும் ஆகாது. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில் 2013 முதல் புதிதாக நாய் வளர்க்கத் தொடங்குவோர் எழுத்துத் தேர்வும், நாயோடு செய்முறைத் தேர்வும் தேறியாக வேண்டும். அவ்வளவு தூரம் நாம் உடனே போக வேண்டியதில்லை. உரிமம் தரும் முன் அரைநாள் வகுப்பு போதும். வேப்பேரியில் 1903 முதல் நடக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மாணவர்களும் இருக்கும் ஊரில் அந்த வகுப்பை நடத்த ஆள் தேட வேண்டியதில்லை.

பிரிட்டனில் சினமன் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 1985-இல் தொடங்கியது. உடல்நலம் குன்றிய முதியவர்களின் நாய்களைத் தன்னார்வலர்கள் வந்து நடத்திச் செல்கிறார்கள். வளர்ப்பவர் மருத்துவமனையில் படுத்தால் நாயைத் தம் வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். அவர் இறந்துவிட்டால், முன்பே பேசிவைத்தபடி அறக்கட்டளை அதை ஏற்றுக்கொள்கிறது. நம் ஊரில் இதற்குப் பெரிய அமைப்புகூட வேண்டாம். கோவையில் முதியோருக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்புகள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்திலேயே கல்லூரிகளும் இருக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் மரம் நடுவதைப் போல வாரம் மூன்று மாலை ஒரு நாயை நடத்திச் செல்லலாம். விடுதியில் இருந்துகொண்டு வீட்டு நாயின் ஏக்கத்தில் இருக்கும் மாணவர்கள் முதல் ஆளாக வந்து நிற்பார்கள்.

குட்டிதான் வேண்டுமா என்பதையும் குடும்பம் உட்கார்ந்து யோசிக்கட்டும். நான்கைந்து வயதான, குணம் தெரிந்த, கயிற்றில் நடக்கப் பழகிய நாய்கள் விலங்குக் காப்பகங்களில் இருக்கின்றன. அவற்றில் லாப்ரடார்களும் உண்டு, யாரோ ஒருவருக்கு ஒரு காலத்தில் பரிசாகப் போனவை. நம் ஊர் வெயிலுக்கும் உண்ணிக்கும் ஈடுகொடுக்கும் நாட்டு நாய்களும் உண்டு. ராஜபாளையமும் கோம்பையும் பெருமைக்குரியவைதான், ஆனால் அவை ஓட்டத்துக்கும் காவலுக்கும் பிறந்தவை. தோப்பும் வரப்பும் உள்ள ஓய்வுக்கால வீட்டில் நன்றாக இருக்கும். மூன்றாம் மாடியில் அவற்றை அடைப்பது தவறு.

கடைசியாக வருவது, வீடுகளில் பேசத் தயங்கும் விஷயம். வளர்ப்பவருக்குப் பக்கவாதம் வந்துவிடுகிறது, அல்லது தம்பதியில் ஒருவர் போய்விடுகிறார். மகன் வந்து பத்து நாளில் அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போகிறான். ஆறு வயது நாய் யாரிடம் போகும்? காரியம் முடிந்த பதினோராம் நாளில் இந்தக் கேள்வியை எடுத்தால் நல்ல விடை கிடைக்காது. சிலர் தூரத்துப் பண்ணைக்கு அனுப்புகிறார்கள், சிலர் காப்பகத்தின் வாசலில் கட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரே ஆளின் காலடியில் ஆறு ஆண்டு படுத்திருந்த நாய் அங்கே தீனி தொடாமல் கிடக்கும். அவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். துக்கத்தின் நடுவில், விமான டிக்கெட்டின் தேதிக்குள், தயாரிப்பே இல்லாமல் முடிவெடுக்கத் தள்ளப்பட்டவர்கள் அவர்கள்.

அந்தத் தயாரிப்பைக் குட்டி வரும் முன்பே செய்துவிட முடியும். ஒரு தாளில் இரண்டாவது பொறுப்பாளரின் பெயர், அவர் சம்மதித்த கையெழுத்து, நாயின் மருத்துவர் யார், தீனி என்ன, எதற்குப் பயப்படும், மாதச் செலவுக்கு எந்தக் கணக்கில் பணம் இருக்கிறது என்று எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் அதே கோப்பில் வைக்கலாம். பெயர் கொடுப்பவர் அதே ஊரில் இருப்பவராக, 50 வயதுக்குக் கீழே இருப்பவராக, நாயோடு மாதம் ஒரு முறையாவது பழகுபவராக இருந்தால் நல்லது. பரிசு கொடுக்க விரும்பும் பிள்ளை தானே அந்தப் பெயராக இருக்க முடியுமா என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். முடியாது என்றால் ஊரிலுள்ள தம்பி மகனையோ பழைய சக ஊழியரின் மகளையோ கேட்கலாம். யாருமே ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த ஆண்டு குட்டி வாங்குவதைத் தள்ளிப்போடலாம். அதுவரை இரண்டாம் மாடியில் முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருப்பவரின் லாப்ரடாரைக் காலையில் நடத்திச் செல்ல ஒரு ஆள் தேவைப்படுகிறது.